இன்னும் மேலே வராதவர்கள்

என் மகன் பிறந்தபோது எதிர்வீட்டு அத்தை அவன் முகத்தைப் பார்க்க மறுத்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்குகிறேன். எங்கள் லைன் வீடுகளில் இருந்த பெண்கள் எல்லோரும் ஆரத்தித் தட்டோடு நிற்கிறார்கள். குழந்தையை ஆளாளுக்கு வாங்கிப் பார்த்து, மூக்கு அப்பனுடையது, காது மாமனுடையது என்று பங்கு பிரிக்கிறார்கள். அத்தை மட்டும் தன் வாசற்படியில் நின்றபடி தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா குழந்தையைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினாள். அவர் கழுத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னும் மேல வரல. வந்தப்பறம் பாக்கறேன்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பத்து மாதம் சுமந்து, தையல் பிரிந்து, நடக்க முடியாமல் நடந்து கொண்டுவந்திருக்கிறேன். இந்த அம்மாவுக்கு அது இன்னும் வரவில்லையாம். கையில் தட்டு இருந்திருந்தால் வீசியிருப்பேன். அம்மாதான் என் தோளை அழுத்தி, "உடு, அவ எல்லாருக்கும் அப்டித்தான் சொல்வா" என்று உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

எங்கள் வீடு ஸ்கெலட்டன் என்ற தங்கச் சுரங்கக் குடியிருப்பில். பெங்களூரு ஆபீஸில் இந்தப் பெயரைச் சொன்னால் எலும்புக்கூடா என்று சிரிப்பார்கள். நாங்கள் சிரித்து முடித்து மூன்று தலைமுறை ஆகிறது. தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து தங்கம் தோண்ட வந்தவர்கள், அப்பா காலத்தில் சுரங்கத்தை மூடினார்கள், நாங்கள் காலை ரயில் பிடித்து பெங்களூரு போய் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். லைன் வீடுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அத்தை வீட்டுப் பின்கதவைத் திறந்தால் மூடிப்போன ஷாப்ட்டின், சுரங்கக் குழியின், இரும்புக் கோபுரம் தெரியும். அத்தையின் அப்பா, அவர் வாயில் நைனா, அந்த ஷாப்ட்டில் வைண்டிங் டிரைவர். ஆட்களைக் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏற்றி இறக்கும் பெரிய இயந்திரத்தை ஓட்டியவர். உள்ளே இருப்பவர்கள் மணி அடித்தால் கேஜை நகர்த்துவார்; மேலே வந்தவர்கள் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அத்தை அந்தச் சத்தத்தில் பிறந்து, அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவர். சத்தம் நின்ற பிறகும் அவர் காது அதை விடவில்லை என்று நினைக்கிறேன்.

கர்ப்பிணிப் பெண் யாராவது எதிரே வந்தால், எத்தனை மாதம் என்று அவர் கேட்க மாட்டார். "எந்த லெவல்ல கீறாங்க?" என்பார். லெவல் என்றால் சுரங்கத்தின் ஆழத் தளம். வயிற்றில் இருப்பதற்கு மரியாதைப் பன்மை. கேட்டுவிட்டு வயிற்றைப் பார்க்காமல் அந்தப் பெண்ணின் காலடியைப் பார்ப்பார், யாரோ அங்கிருந்துதான் ஏறி வர வேண்டும் என்பதுபோல. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் சேலை கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்வதை நானே பார்த்திருக்கிறேன். நானும் நகர்ந்தவள்தான்.

பிறந்த பிறகும் அவர் கணக்கில் அது மேலே வந்ததாகாது. அழும், பால் குடிக்கும், பெயர் வைத்து காதும் குத்தியிருப்பார்கள். அத்தை அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். ஒருநாள், எந்த நாள் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, அந்தக் குழந்தை இடுப்பில் இருந்தபடி தானாக அவர் பக்கம் திரும்பிச் சிரிக்கும். அன்றைக்கு அவர் எழுந்து நிற்பார். முந்தானையைச் சரிசெய்துகொள்வார். முதல் தடவையாக அதன் முகத்தை நேராகப் பார்த்து, "வந்துட்டீங்களா? வாங்க" என்பார். வாயில் ஒரு துளி சர்க்கரை வைப்பார். அதோடு சரி. அதற்குப் பிறகு அந்தக் குழந்தை விழுந்தாலும் எழுந்தாலும் அவருக்கு அது ஒரு சாதாரணப் பிள்ளை. திட்டுவார், கடைக்கு அனுப்புவார்.

இந்த ஒரு 'வாங்க'வுக்காக எங்கள் லைன் தாய்மார்கள் பட்ட பாடு இருக்கிறதே. வெறும் பேச்சு என்று சொல்லிக்கொண்டே, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வாசல் வழியாகத் தேவையில்லாமல் நடப்பார்கள். குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிச் சிரிக்க வைத்துப் பார்ப்பார்கள். மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிற ஸ்டெல்லா அக்கா, ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று, இனி யார் 'வாங்க' சொல்ல வேண்டும் என்று வீராப்பாகப் பேசிவிட்டு, மறுநாளே பேத்தியைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்கு உப்பு கடன் கேட்கப் போனாள். என் மகனுக்கு 'வாங்க' கிடைத்தபோது நான் ஆபீஸில் இருந்தேன். அம்மா போனில் சொன்னாள். கழிவறைக்குப் போய் அழுதேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

பூமி அடிக்கடி குலுங்கும் ஊர் இது. கீழே தண்ணீர் நிரம்பிய பழைய குழிகளில் எங்கோ பாறை நொறுங்குகிறது; மேலே அலமாரிப் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். நாங்கள் ஒரு நொடி நின்றுவிட்டு வேலையைத் தொடர்வோம். அத்தை தொடர மாட்டார். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, தரையைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, யாரோ சொல்வதைக் கடைசிவரை கேட்பவர்போல இருப்பார். "இன்னா அத்தே சொல்றாங்க?" என்று நான் கிண்டலாகக் கேட்டால், "உன்னாண்ட ஒண்ணும் சொல்லல" என்பார்.

என் மகனுக்கு ஒரு வயது முடிவதற்குள் மறுபடியும் எனக்கு நாள் தள்ளிப்போயிற்று. கணவருக்கு அப்போது வேலை இல்லை. விடிவதற்கு முன் ரயில், இருட்டிய பிறகு வீடு, நடுவில் மார்பில் பால் கட்டி ஆபீஸ் நாற்காலியில் உட்கார முடியாத வலி. இன்னொன்றை என்னால் தாங்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது. கணவர், "நீ இன்னா சொல்றியோ அதான்" என்றார். அம்மா பாத்திரங்களை உருட்டினாள். கூட வர அவளுக்கு மனம் இல்லை. அத்தைதான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார்கள். சட்டப்படி என் கையெழுத்து போதும் என்று நான் சொன்னேன். ஒரு நர்ஸ் கன்னடத்தில், ஒரு பிள்ளையோடு கொழுப்பேறிவிட்டது என்கிற அர்த்தத்தில் ஏதோ முணுமுணுத்தாள். நானும் கன்னடத்திலேயே திருப்பிக் கொடுத்தேன். தண்டனைபோல மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். புத்திமதி இல்லை, ஆறுதல் இல்லை. என் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. பெரிய வருத்தமும் இல்லை. நிம்மதியாக இருந்தது, அதை மறைக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

ஆஸ்பத்திரிக் கதவைத் தாண்டும்போது அத்தை எனக்காகக் கதவைப் பிடித்தார். நான் வெளியே வந்த பிறகும் பிடித்துக்கொண்டே நின்றார். பின்னால் யாரும் இல்லை. பிறகு மெதுவாக விட்டார். ஷேர் ஆட்டோவில் ஏறினோம். அவர் ஓரமாக ஒண்டிக்கொண்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சின்ன இடத்தை விட்டார். டிரைவர் இன்னொரு ஆளை அங்கே உட்காரச் சொன்னான். "ஆளு கீது" என்றார் அத்தை. டிரைவர் கண்ணாடியில் அந்த இடத்தைப் பார்த்தான். பிறகு வண்டியை எடுத்தான். ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டில் இறங்கி நடந்தோம். லைன் முனையில் இரும்புக் கேட். அங்கேயும் நான் நுழைந்த பிறகு அதைத் திறந்து பிடித்தபடி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வந்தது பயமா கோபமா என்று பிரிக்க முடியவில்லை.

"யாருக்கு அத்தே கேட்டைப் புடிச்சினு நிக்கிற?"

"நீ போ. வெயில்ல நிக்காத."

"யாருக்குன்னு கேக்கறேன்."

"கெளம்பி, நடுவுல நின்னுட்டவங்களுக்கு. உன்ன ஒண்ணும் கேக்க மாட்டாங்க. வழி தெரியாம நிப்பாங்க, அவ்ளோதான்."

"அப்போ நான் செஞ்சது தப்புன்னு சொல்றியா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையாகவே ஆச்சரியம் இருந்தது. "தப்புன்னு எவ சொன்னா? உன் குழி. எறங்கறதுக்கும் ஏர்றதுக்கும் நீதான் மணி அடிக்கணும். வேற எவன் அடிச்சாலும் அது கொலதான். நான் கேட்டைப் புடிக்கிறது என் பழக்கம். அத்த நீ எதுக்கு உன் தலைல போட்டுக்கிற?"

பல நாட்கள் அவரோடு நான் பேசவில்லை. என் நிம்மதியில் அவர் ஒரு ஆளை உட்கார வைத்துவிட்டார் என்று கோபம். துணி மடிக்கும்போது, ரயிலில் ஜன்னலோரம் உட்காரும்போது, என் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருப்பதை கவனித்து வேண்டுமென்றே நகர்ந்து அதை நிரப்புவேன்.

இந்தக் கேட் கதை எப்படியோ ஊருக்குள் பரவியது. ஒருநாள் ஆண்டர்சன்பேட்டைச் சுவர்களில் வயிற்றுக்குள் இருக்கும் சிசுவின் படம் போட்ட போஸ்டர்கள் ஒட்டினார்கள். கருவைக் கலைப்பவர்கள் கொலைகாரர்கள் என்று ஒரு கூட்டம் நடத்தப்போவதாக வெளியூரிலிருந்து வந்த சிலர் சொன்னார்கள். அவர்களில் இருவர் அத்தை வீட்டுக்கு வந்தார்கள். கலைத்த குழந்தைகளுக்காக நீங்கள் கதவு திறந்து வைக்கிறீர்களாமே, மேடையில் வந்து அவர்கள் படும் துன்பத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். அத்தை அவர்களுக்கு டீ கொடுத்தார். "அவங்க துன்பப்படறாங்கன்னு உங்களாண்ட சொன்னாங்களா?" என்று கேட்டார். பிறகு, "பெத்தவளுங்களை அசிங்கமாப் பேசற மேடையில எனக்கு இன்னா வேல, போங்க" என்றார்.

அடுத்த மாதமே பெங்களூரிலிருந்து ஒரு பெண் கேமராவோடு வந்து இறங்கினாள். நல்ல பெண்தான், பெண்களின் உரிமைக்காக வேலை செய்கிறவள். பிறந்த குழந்தையைக்கூட 'இன்னும் வரல' என்று சொல்லும் அம்மா அவளுக்குப் புதையலாகத் தெரிந்தார். நான்தான் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

"ஆக, கருவோ புதுசாப் பிறந்த குழந்தையோ இன்னும் ஒரு ஆள் கிடையாதுன்னு நீங்க சொல்றீங்க. அப்படித்தானேம்மா?"

"ஆளு இல்லன்னு நான் எப்போ சொன்னேன்? வரலன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

அத்தை என்னிடம் திரும்பி, "இந்தப் பொண்ணு இன்னாத்த படிச்சிருக்குது?" என்றார். அந்தப் பெண் கேமராவை மூடி வைத்தாள். இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒரே மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனதில் எனக்கு அற்ப சந்தோஷம். ஆனால் அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. எனக்கும் அன்றைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. ஒன்றாகவே இருக்கட்டும் என்று விரும்பினேன். ஆள் இல்லை என்றால் என் பக்கத்து இடம் வெறும் இடம்தானே.

பிறகு என் தம்பி மனைவி செல்விக்குக் குழந்தை பிறந்தது. பெண். மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. உள்ளே அண்ணமும் அப்படித்தான். மார்பில் வாய் வைத்து உறிஞ்ச முடியாது. தலையிலும் ஏதோ கோளாறு இருக்கலாம், எவ்வளவு வளரும், பேசுமா நடக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். பொறுமையாகப் பாலாடையில் புகட்டினால் பிழைக்கும், கொஞ்சம் எடை ஏறியதும் உதட்டைத் தைக்கலாம் என்றும் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

நான் விஷயம் கேள்விப்பட்டு லீவு போட்டுவிட்டு வந்தபோது நல்ல மத்தியானம். சயனைடு மேட்டிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. தங்கம் அரித்த மண் மாவு தெருவெல்லாம் வெள்ளையாகப் பறந்தது. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. தம்பி வெளியே, முகத்தில் மண் படிய, போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே செல்வி சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மூலையில் ஒரு மடித்த சேலையின் மேல் குழந்தை. அது அழுவது மூக்கு வழியாக, விசில்போல வந்தது. காலையிலிருந்து யாரும் பால் கொடுக்கவில்லை.

"இன்னாம்மா இது?" என்றேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "வந்த வழியே போவுட்டும்."

"அம்மா."

"எந்தம்பிய உனக்குத் தெரியாது. நடக்க மாட்டான், பேச மாட்டான். நான் இடுப்புல வச்சினு திரிஞ்சேன். என்னக் கட்டிக் குடுத்து அனுப்பிட்டாங்க. எங்கம்மா செத்தப்பறம் அவன எவ பாத்தா? நாய் படுக்கிற எடத்துல படுத்து, புண்ணு வச்சி செத்தான். பெருசாயி அப்டி சாவறதுக்கு இப்பவே போனா அதுக்கு நல்லது. இன்னும் ஒண்ணும் தெரியாது அதுக்கு. எதிர்வூட்டுக்காரியே சொல்றா இல்ல, மேல வரலன்னு. வராததுக்கு இன்னா பாவம்?"

"பொறந்திருக்கு, மூச்சு உடுது, அழுவுது."

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகத்தான் கேட்டாள். "நீ செய்யலையா? அன்னைக்கு அதுக்கும் மூச்சுக்கு வழி இருந்துச்சி. உனக்கு முடியல, நீ வாணாம்னு சொன்ன. நான் ஒரு வார்த்த கேட்டனா? எனக்கும் முடியல. பொறக்கறதுக்கு முன்ன சொன்னா நியாயம், பொறந்தப்பறம் சொன்னா பாவமா? எங்க கோடு போடணும்னு நீ சொல்லு, படிச்சவதான நீ."

ஆபீஸில் நான்கு பேருக்குச் சரியாகப் பேசுகிறவள் நான். என் வயிறு, என் முடிவு என்று அன்றைக்குச் சொன்னேனே, இன்றைக்கு இது யார் வயிற்றிலும் இல்லையே என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. அந்த விசில் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. நான் ஓடிப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அத்தை வந்தார். வாசலில் நின்று தலையில் படிந்த மண்ணைத் தட்டினார். அம்மா அவரைப் பார்த்து, "நீயே சொல்லு. இது மேல வந்துச்சா, வரலையா?" என்றாள்.

செல்வி சுவரிலிருந்து திரும்பிப் பார்த்தாள். தம்பியும் நிலைப்படிக்கு வந்துவிட்டான். அத்தை மூலைக்குப் போனார். வழக்கம்போல முகத்தைப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வரல" என்றார்.

அம்மா கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். எனக்கு அத்தையின் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். குழந்தையை எடுத்து மடியில் நிமிர்த்தி வைத்தார். "செல்வி, ஆஸ்பத்திரில இன்னா சொல்லிக் குடுத்தாங்க? எப்டிப் புடிக்கணும்?" என்றார்.

"வரலன்னு நீதான சொன்ன?" என்றாள் அம்மா.

"ஆமா. வந்தவங்களுக்கு இன்னாத்துக்கு நான்? அவங்க டோக்கனைக் குடுத்துட்டு நடந்து வூட்டுக்குப் போயிடுவாங்க. எங்கம்மா செத்த சேதி வந்தப்போ நைனா கைல லீவரு. கேஜ்ல ஆளு கீது, பாதி வழில கீது. வந்து கூப்டாங்க. அவரு திரும்பிக்கூட பாக்கல. அல்லாரும் ஏறி முடிச்சப்பறம்தான் எழுந்தாரு. வரலன்னா கையை எடுன்னு அர்த்தம்னு உனக்கு எவ சொன்னது?"

"அப்போ என்னுது?" என்றேன். குரல் கிறீச்சிட்டு வந்தது. "அன்னைக்கு மட்டும் ஏன் கூட வந்த?"

"அது உன் ஒருத்தி கைல இருந்துச்சி. உன் ஒடம்பு, உன் உசுரு. உன்னை மீறி நான் புடிக்க முடியாது. இது கொடி அறுத்து வெளிய வந்துடுச்சி. இப்போ எவ கை வேணா புடிக்கலாம். செல்விக்கு முடியலன்னா நான் புடிக்கிறேன். உங்கம்மாக்கு முடியலன்னா போயி படுக்கட்டும்."

அந்தப் பதில் முழுதும் பொருந்துகிறதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ரயிலில் போகும்போது பல தடவை அதைப் பிரித்துப் பிரித்துப் போட்டுப் பார்த்திருக்கிறேன். எங்கேயோ ஒரு முனை நீட்டிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் அதற்கு மேல் யாருக்கும் தேவைப்படவில்லை. செல்வி எழுந்து உட்கார்ந்தாள். "பால் கட்டிக்கினு வலிக்குதுக்கா" என்று என்னிடம் சொன்னாள். சுவர்ப் பக்கம் திரும்பி, ஒரு டம்ளரில் பாலைப் பிழிந்து கொடுத்தாள்.

அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். நானும் போனேன். அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரிக்கும் ஒரு குழந்தை பிறந்தது என்று சொன்னாள். எனக்கு அதுவரை தெரியாது. "வந்துட்டான் வந்துட்டான்னு ஊரே கூடிச்சி. ஒரு வாரம்கூட தாங்கல. சின்னதுக்கு இன்னா தீட்டுன்னு பொதைச்சிட்டு வந்தாங்க. சொந்தக்காரங்க வந்துட்டாங்களேன்னு அன்னைக்கே கறி ஆக்கினோம். அவ அந்த ரூமுலதான் படுத்திருந்தா. வாசன போயிருக்கும். நானும் தின்னேன்." இதைச் சொல்லிவிட்டு அவள் கை கழுவினாள், ஏற்கெனவே கழுவிய கையை.

அத்தை குழந்தைக்குப் பால் புகட்டுவதைப் பார்த்தால் யாருக்கும் குளிரெடுக்கும். கண்ணை மூடிக்கொள்வார். முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொள்வார். பாலாடை நுனியைக் கன்னத்தோரம் வைத்து, சொட்டுச் சொட்டாக விட்டு, தொண்டையில் இறங்கும் சத்தத்தை மட்டும் கேட்பார். சத்தம் மாறினால் உடனே நிறுத்தி நிமிர்த்துவார். ஒரு வேளைப் பால் இறங்குவதற்குள் பக்கத்து வீட்டில் சமைத்துச் சாப்பிட்டே முடித்திருப்பார்கள். நாட்கணக்காக, மாதக்கணக்காக அப்படி. ஒரு தடவை நான் இருக்கும்போதே பூமி குலுங்கியது. அலமாரித் தட்டுகள் ஆடின. அத்தை இரண்டு கைகளாலும் குழந்தையை மூடிக்கொண்டு, தரையைப் பார்த்து, "இருங்க, இருங்க. இங்க ஒருத்தங்க கேஜ்ல கீறாங்க" என்றார். சாதாரணக் குரலில், வரிசையில் முண்டுகிறவர்களிடம் சொல்வதுபோல. தட்டுகள் நின்றன.

குழந்தை பிழைத்தது. செல்வி அதற்கு பவித்ரா என்று பெயர் வைத்தாள். பெங்களூரில் உதட்டைத் தைத்தார்கள், பிறகு அண்ணத்தை. நடக்க வெகுகாலம் பிடித்தது. பேச்சு இன்னும் சில சொற்கள்தான். ஆனால் சிரிப்பு அப்படி ஒரு சிரிப்பு; தையல் இழுக்கிற கோணல் சிரிப்பு, பார்த்தவர்கள் எல்லோரிடமும், தெரு நாயிடமும். அத்தையைப் பார்த்தால் கையைத் தட்டிச் சிரிப்பாள்.

அத்தை 'வாங்க' சொல்லவில்லை. அவள் முகத்தை நேராகப் பார்க்கவும் இல்லை. லைனில் முணுமுணுத்தார்கள், மூளை வளராததால் அத்தை கணக்கில் அது ஆளே இல்லை போலிருக்கிறது என்றார்கள். செல்வி வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் அவள் கண் அலைவது எனக்குத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா அத்தே, அந்தப் பொண்ணு உன்னப் பாத்து நாளெல்லாம் சிரிக்குது. கண்ணு தெரியலையா உனக்கு? ஊரு பூரா பேசுது."

அவர் பவித்ராவுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தார், முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு. ஒரு கவளத்தை ஊட்டி, அது தொண்டையில் இறங்கும்வரை கேட்டார்.

"வாங்கன்னு சொல்லிட்டா நான் எழுந்து போயிடணும்மே" என்றார்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மூன்று மழைக்காலம் கழித்து, நான்கைந்து நாள் காய்ச்சலில் அத்தை போய்விட்டார். லைன் முழுவதும் வெளியே வந்து நின்றது. ஸ்டெல்லா அக்கா முக்காடு போட்டுக்கொண்டு ஜெபம் செய்தாள். அவரிடம் 'வாங்க' வாங்கி வளர்ந்த ஆண்பிள்ளைகள்தான் பாடையைத் தூக்கினார்கள், தோள் எட்டாத என் மகனும் ஒரு கை கொடுத்தான். மேளம் தொடங்கிவிட்டது. எதிர்வீட்டில் சாவு, பாடை கிளம்புகிறது, எங்கள் வீட்டு வாசலில் அம்மாவைக் காணோம். ஊர் என்ன பேசும் என்று எரிச்சலோடு உள்ளே ஓடினேன்.

அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் பவித்ரா தட்டை வைத்துக்கொண்டு தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது யாரும் ஊட்ட வேண்டியதில்லை. மோவாயெல்லாம் சாம்பார், தானே துடைத்துக்கொள்ளவும் தெரியும்.

"அம்மா, தூக்கறாங்க. அவதான் சாப்புடறாளே, வந்து ஒரு நிமிஷம் நில்லு."

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலைப் பார்த்தபடி, குழந்தையின் தொண்டையில் சோறு இறங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க போங்க" என்றாள். "நான் எழுந்துக்க முடியாது."